கருவியின் மொழி கற்றவர்: கோவை ஜி.டி. நாயுடு

கோயம்புத்தூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன பஞ்சாலைகளும் பம்புசெட்டுகளும் சிறுவாணித் தண்ணீரும் ஆகும். அவற்றோடு சேர்த்து நினைக்கத்தக்க மனிதர் ஒருவர் உண்டு. அவர் பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே துறந்தவர். ஆயினும் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றக் காரணமாய் இருந்தவர். உணவு விடுதியில் பரிமாறிப் பிழைத்தவர். பின்னாளில் பேருந்து நிறுவனம் ஒன்றின் அதிபராய் உயர்ந்தவர். அவரே கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் ஜி.டி. நாயுடு.

கலைக் கல்லூரி மலரில் ஓர் இயந்திரக்காரரின் வரலாறு எதற்கு என்று வினவும் நண்பர்கள் இருக்கக் கூடும். வினா நியாயமானதே. நம்மில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆரணியிலும் அதன் சுற்றூர்களிலும் பட்டுத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள். கையால் செய்யும் தொழிலை விட்டுக் கருத்தால் செய்யும் தொழிலுக்குப் போகவே நம்மைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள் பெற்றோர்கள். ஆனால் கையும் கருத்தும் இரு வேறு உலகங்களா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் நாயுடு. ஆதலால் அவர் வரலாறு இயற்பியல் மாணவனுக்கு மட்டுமன்று, இலக்கிய மாணவனுக்கும் உரியது.

பிறப்பும் பிடிவாதமும்

கோவைக்கு அருகே, சூலூர்ப் பக்கத்தில் உள்ள சிற்றூர் கலங்கல். அங்கே 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு நிலபுலன் உடைய உழவர். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. ஆசிரியர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கும் கல்வி அவருக்குச் சிறையாகத் தோன்றியது. தொடக்கப் பள்ளியைத் தாண்டாமலே அவர் படிப்பு நின்றது.

படிப்பு நின்றது, கல்வி நிற்கவில்லை. தமிழ் நூல்களைத் தாமே வாங்கிப் படித்தார். தோட்டத்தில் உழைத்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளையும், இது எப்படி இயங்குகிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டு நீங்கவே இல்லை. பள்ளிக்கு அடங்காத பிள்ளை ஊருக்கு உதவாத பிள்ளை என்று அன்றைய உலகம் முடிவு கட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. அந்த முடிவைப் பொய்யாக்க ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது.

கழற்றிப் பார்த்த வண்டி

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கிராமத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! கண்ட இளைஞரின் உள்ளம் அதன் பின்னாலேயே ஓடிற்று. எப்படியும் அதை வாங்கிவிட வேண்டும் என்று உறுதி கொண்டார். கோவைக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு மேல் காசு சேர்த்தார். ஆண்டுகள் சில உருண்ட பின் அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை விலைக்குப் பெற்றார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வந்தாரா? இல்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது, எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று பார்த்தார். மீண்டும் பூட்டினார். வண்டி ஓடிற்று! இந்தியாவின் எடிசன் என்று பின்னாளில் நாடு போற்றிய மனிதரின் பல்கலைக்கழகம் அந்த ஒரு வண்டிதான் எனலாம்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். கழற்றுவது எளிது, குழந்தையும் கழற்றும். கழற்றியதைப் பூட்டுவதே கல்வி. பூட்ட வேண்டுமானால் வரிசை தெரிய வேண்டும். வரிசை தெரிய வேண்டுமானால் காரணம் தெரிய வேண்டும். தறியில் பாவு அறுந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? தறியையே பிரித்துப் போடுவதில்லை. அறுந்த இழை எது, அது எந்தக் கண்ணில் நுழைய வேண்டும் என்று விரலால் தேடி முடிச்சிடுகிறார்கள். இலக்கணம் படிக்காமலே இலக்கணத்தோடு பேசுவது போன்றது அது. நாயுடு மோட்டார் சைக்கிளிடம் கற்றதும் அத்தகைய இலக்கணமே.

பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு

இளமையில் அவர் பருத்தித் தொழிலிலும் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பொருள் சேர்ந்தது. பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு, சேர்த்த பொருளை இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் துவண்டு போகவில்லை. கோவைத் தொழில் உலகில் புகழ் பெற்றிருந்த சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் இளைஞரின் திறமையைக் கண்டு உதவினார். 1920இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் நாயுடு. முதலாளி அவரே, ஓட்டுநரும் அவரே, வண்டி நின்றால் அடியில் படுத்துப் பழுது பார்ப்பவரும் அவரே.

ஒன்று பலவாயிற்று. யு.எம்.எஸ். என்னும் மூன்றெழுத்து கொங்கு நாட்டுச் சாலைகளில் நன்கு அறிமுகமாயிற்று. சில ஆண்டுகளிலேயே நாட்டின் மிகத் திறமையாக நடந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும், குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

நேரந் தவறாமை என்பது ஏதோ ஒழுக்கப் பாடம் என்று நாம் எண்ணுகிறோம். பேருந்துத் தொழிலில் அது பழுதுபார்ப்புப் பாடம். மாலையில் கொட்டகைக்கு வரும் வண்டியின் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, எண்ணெய் மாற்ற வேண்டுமா என்று இரவிலேயே பார்க்காவிட்டால், மறுநாள் காலை நடுவழியில் வண்டி நிற்கும். சந்தைக்குக் காய்கறி கொண்டு போகும் உழவனின் கூடையும் நிற்கும். மருத்துவமனைக்குப் போகும் தாயின் பயணமும் நிற்கும். இயந்திரத்தின் நோய் மனிதனின் துன்பமாக மாறுவது இப்படித்தான். பழுது வந்த பின் பார்ப்பது ஒரு திறமை. பழுது வராமல் காப்பது அதனினும் பெரிய திறமை. பேருந்து நிறுவனம் நடத்திய நாயுடுவுக்கு இரண்டாவது திறமையே சோறு போட்டது.

மின்மோட்டார் பிறந்த கதை

1932இல் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வரத் தொடங்கியது. கோவையின் முகமே மாறிற்று. பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் மின்சாரத்தால் நீர் இறைக்கலாம் என்ற நிலை தோன்றியது. ஆனால் மோட்டார்? அது கடல் கடந்து வர வேண்டியிருந்தது. கெட்டுப் போனால் உதிரி உறுப்பும் கடல் கடந்தே வர வேண்டும்.

இந்த நிலையை மாற்ற முனைந்தார் நாயுடு. தி. பாலசுந்தரம் நாயுடு என்னும் மற்றொரு தொழில் மேதையும் துணை நின்றார். பீளமேட்டில் அமைந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையிலிருந்து 1937இல் ஒரு மின்மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்துக் கோவையின் இயந்திரத் தொழிலுக்கு மேலும் ஒரு தூணாக விளங்கினார்.

செய்யாற்றுப் பாசனப் பகுதியில் எந்தக் கிணற்று மேட்டுக்குப் போனாலும் மோட்டார் கொட்டகை ஒன்று இருக்கும். மோட்டார் எரிந்து போயிற்று, காயில் கட்டக் கொடுத்திருக்கிறோம் என்ற பேச்சு நம் வீடுகளில் புதிதன்று. காயில் கட்டி வந்து மாட்டிய ஒரே வாரத்தில் மறுபடியும் எரிவதும் உண்டு. ஏன்? எரிந்தது காயில், எரித்தது வேறொன்று. மூன்று மின்கம்பிகளில் ஒன்றில் மின்சாரம் நின்றிருக்கலாம். அப்போது மற்ற இரண்டும் சுமையைத் தாங்க முடியாமல் மோட்டார் சூடேறும். மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், அப்போது அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். பேரிங் தேய்ந்து சுழற்சி இறுகியிருக்கலாம். இவற்றைப் பாராமல் காயிலை மட்டும் மாற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு ஒப்பாகும். நோயை மட்டுமன்றி நோயின் மூலத்தையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி, இயந்திர மருத்துவனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

புனைவுகள் பல

நாயுடுவின் கூர்த்த மதி ஒரே துறையில் நிற்கவில்லை. அயல்நாடுகளுக்குப் பன்முறை சென்றார். சென்ற இடமெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். பார்த்ததை நம் நாட்டு நிலைக்கேற்ப மாற்றி அமைத்தார். சிறு மோட்டாரால் இயங்கும் ரசந்த் என்னும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, திரைப்படக் காமிராவுக்குத் தொலைவைச் சரிசெய்யும் கருவி என அவர் புனைந்தவற்றின் பட்டியல் நீளும். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அறிவித்தார்.

ஏமாற்றுக்கு இடம் தராத வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றையும் அவர் உருவாக்கினார். இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகத் தேர்தலில் பயன்பட்டது 1982இல், கேரளத்தின் பறவூர்த் தொகுதியில். அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே நாயுடு மறைந்துவிட்டார். காலத்துக்கு முன்னே நடப்பவன் தனியே நடக்க வேண்டியிருக்கிறது.

இயந்திரத்தோடு நில்லாமல் மண்ணையும் அவர் ஆய்ந்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளைக் கண்டார். அறிவியல் மேதை சர் சி.வி. இராமனும் பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவும் அவருடைய பண்ணைக்கு வந்து பார்த்தனர்.

கல்விக்கூடமும் கருத்து மோதலும்

1944இல் தொழிலிலிருந்து ஒதுங்கிக் கொடைப் பணிகளில் கருத்தைச் செலுத்தினார் நாயுடு. அவருடைய முயற்சியால் கோவையில் தொழில்நுட்பப் பயிற்சிக் கூடமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் பெயரை அவை தாங்கின. 1945இல் நாயுடுவே கல்லூரியின் முதல்வராக இருந்தார். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத மனிதர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! அந்தக் கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பழைய இடத்துக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கல்லூரி இல்லாத இடத்தில் கல்லூரியின் பெயரைச் சொல்லி இன்றும் மக்கள் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள்.

அங்கேதான் மோதல் மூண்டது. பொறியியலைக் கற்பிக்க நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, இரண்டே ஆண்டுகள் போதும் என்பது நாயுடுவின் கொள்கை. அரசினர் ஏற்கவில்லை. நாயுடுவும் விட்டுக்கொடுக்கவில்லை, பதவியைத் துறந்து வெளியேறினார்.

யார் பக்கம் நியாயம்? நடுநிலையோடு ஆராய்வோம். பாலம் கட்டுபவனுக்கு உயர் கணிதம் வேண்டும். கொதிகலன் அமைப்பவனுக்கு வெப்பவியல் வேண்டும். இவை ஒரு நாளில் வருவன அல்ல. அந்த அளவில் அரசின் தயக்கம் பொருளற்றதன்று. ஆனால் நாயுடு எழுப்பிய அடிப்படைக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டம் பெற்ற ஒருவனிடம் பழுதான கருவியைக் கொடுத்தால் அவன் கை நடுங்குவதேன்? நான்கு ஆண்டுகளில் எத்தனை மணி நேரம் அவன் கருவியைத் தொட்டான்? ஆண்டுகளின் எண்ணிக்கையில் நாயுடு பிழைபட்டிருக்கலாம். நோயின் மூலத்தைக் காட்டியதில் பிழைபடவில்லை.

கிடைக்காத உரிமம்

1952இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தரவில்லை, உற்பத்தி நின்றது. சாமானியனும் வாங்கத்தக்க சிறிய கார் என்ற எண்ணம் மாருதி 800 வடிவில் சாலைக்கு வர 1983 வரை நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 31 ஆண்டுகள்! நாயுடுவின் கார் வெற்றி பெற்றிருக்குமா என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் களத்தில் இறங்கித் தோற்கும் உரிமைகூட அதற்குக் கிட்டவில்லை.

அமெரிக்கரான எடிசனோடு அவரை ஒப்பிடுவது வழக்கம். இருவரும் பள்ளிக்கு அடங்காதவர்கள். இருவரும் செய்து பார்த்துக் கற்றவர்கள். ஆனால் எடிசன் 1876இல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் அமைத்தபோது, அவருக்குப் பின்னே பணம் போட முன்வந்த செல்வர்கள் இருந்தார்கள்; கண்டுபிடிப்பைக் காக்கும் காப்புரிமைச் சட்டம் இருந்தது; வாங்குவதற்குப் பெரிய சந்தை இருந்தது. அமெரிக்காவில் மட்டும் அவர் பெற்ற காப்புரிமைகள் 1,093. நாயுடுவுக்கு வாய்த்தவை அடிமை நாட்டின் கட்டுப்பாடுகளும், விடுதலை பெற்ற நாட்டின் உரிம விதிகளும். விதை ஒன்றாயிருந்தும் நிலம் வேறானது. அரசின் தொழிற்கொள்கை மீதும் வரிக்கொள்கை மீதும் அவர் கொண்ட மனக்கசப்புக்கு இது ஒரு காரணம்.

காற்றுக் கருவி சொல்லும் பாடம்

நாயுடுவின் நெறி பழங்கதையா? இன்றைய பட்டறை ஒன்றுக்குள் நுழைந்து பார்ப்போம். மின்கருவிகளுக்குப் பக்கத்தில் காற்றால் இயங்கும் கைக்கருவிகள் தொங்குகின்றன. பஞ்சர் கடையில் சக்கரத்தின் நட்டைக் கழற்றுவது காற்று. நம் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளிலும் வாகன உறுப்புத் தொழிற்சாலைகளிலும் காற்றின் துணையின்றிப் பல வேலைகள் நடவா. விடுமுறையில் அங்கே வேலைக்குப் போகும் மாணவ நண்பர்கள் இதை அறிவார்கள்.

அழுத்தப்பட்ட காற்றின் வரலாறு பெரிது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871இல் திறக்கப்பட்ட மான் செனி சுரங்கப் பாதையில் காற்றுத் துளைப்பான்கள் பாறையைத் துளைத்தன. கோலார் தங்கவயலின் ஆழத்திலும் காற்றுத் துளைப்பான்களே முழங்கின. அவற்றைப் பிடித்த கைகளில் பல, நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து போன தமிழர்களின் கைகள். நீர் பாய்ச்சாமல் உலர்ந்த பாறையைத் துளைத்தால் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தரும். கருவிக்கு வரும் நீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் கெடுவது கருவி மட்டுமன்று. அதைப் பிடித்திருப்பவனின் மூச்சு. பராமரிப்பு என்ற சொல்லுக்கு இதைவிடக் கடுமையான விளக்கம் வேண்டுமா?

காற்றுக் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலானவற்றில் ஓர் உருளை. அதனுள் மையம் விலகி அமைந்த சுழலி. சுழலியின் பிளவுகளில் மெல்லிய தகடுகள் சில. காற்று தகடுகளைத் தள்ளுகிறது, சுழலி சுற்றுகிறது. செம்புக் கம்பி இல்லை. எரிந்து போக ஒன்றுமில்லை. ஆகவே இதற்கு நோயே வராது என்று எண்ணிவிடலாகாது. அதன் பகைவர் மூவர்: ஈரம், தூசு, வறட்சி.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஈரம் உண்டு. கம்ப்ரெசர் அதை அழுத்திக் குளிர்விக்கும்போது தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்கிறது. நாள்தோறும் அடிக்குழாயைத் திறந்து அந்நீரை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் நீர் கருவிக்குள் சென்று துருப்பிடிக்கச் செய்யும். வழியில் உள்ள வடிகட்டியைத் தூய்மை செய்ய வேண்டும். இல்லையேல் தூசு தகடுகளைத் தேய்க்கும். காற்றுக் கருவிக்கென்றே உள்ள மெல்லிய எண்ணெயைச் சில துளிகள், வேலை தொடங்குமுன் காற்று நுழையும் வாயில் விட வேண்டும். இல்லையேல் உறுப்புகள் வறண்டு உராயும். கெட்டியான எண்ணெயை விட்டால் தகடுகள் பிளவிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கருவி வலுவிழந்து சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரன் உடனே திருப்புளியை எடுப்பான். அறிந்தவன் வெளியிலிருந்து உள்ளே போவான். முதலில் அழுத்தம். பல கைக்கருவிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு, அதாவது சுமார் 6 பார் அழுத்தம் வேண்டும். அதைக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, கருவியின் அருகே அளக்க வேண்டும். நின்றிருக்கும்போது முள் சரியாகக் காட்டி, ஓடும்போது சரிந்து விழுந்தால், குற்றம் கருவியில் இல்லை. வரும் வழியில் இருக்கிறது. ஓஸ் குழாய் மிகக் குறுகலாகவோ மிக நீளமாகவோ இருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், இணைப்பில் காற்று கசியலாம். சோப்பு நுரையைத் தடவினால் கசிவு குமிழியிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவை யாவும் சரியாக இருந்தும் வலு இல்லையென்றால் அப்போது எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். அதன் பிறகே கருவியைத் திறந்து, தகடுகள் தேய்ந்தனவா, பேரிங் இறுகிற்றா என்று காண வேண்டும். அப்போதும் முதலில் காற்றை அடைத்து, குழாயில் எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றி, இணைப்பைப் பிரித்த பின்னரே கை வைக்க வேண்டும். உடையில் படிந்த தூசைத் தட்ட அழுத்தக் காற்றை உடம்பின் மீது பாய்ச்சுவது விளையாட்டன்று. கண்ணையும் செவியையும் கெடுக்கும், உயிருக்கும் உலை வைக்கும்.

இந்த வரிசையில் என்ன விந்தை இருக்கிறது? ஒன்றுமில்லை. எளியதை முதலில் பார். அரியதைப் பின்னர்ப் பார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதன் விளைவைக் கவனி. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுத்தாயும் மாணவனும், பழஞ்சுவடியில் பாடபேதம் தேடும் புலவனும், வரவு செலவில் விடுபட்ட ரூபாயைத் தேடும் வணிகவியல் மாணவனும் பின்பற்றுவது இதே நெறிதான். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய கலங்கல் இளைஞரும் இந்த நெறியைத்தான் தம் கைவிரல்களால் கற்றார்.

மறைவும் நினைவும்

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கோவை அவினாசி சாலையில் நிலையான தொழிற் கண்காட்சி ஒன்றை அமைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வந்து இயந்திரங்களைக் கண்ணால் காண வேண்டும், காண்பதால் கேள்வி பிறக்க வேண்டும் என்பதற்கு ஏற்ற இடமாக அது விளங்கியது. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், தம் 80ஆம் வயதில் அப்பெருமகனார் மறைந்தார்.

அவர் பெயரால் அமைந்த அறநிலையம் அவருடைய கண்காட்சியைத் தொடர்ந்து காத்து வருகிறது. 2015இல் பழைய கார்களுக்கான அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டபோது அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு பேருந்தோடு சாலைக்கு வந்தவரின் பெயரைச் சாலையே தாங்கி நிற்பது பொருத்தமே.

நாம் கொள்ள வேண்டுவது

பெரியோர் வரலாற்றைப் படித்துவிட்டு வியந்து நிற்பது எளிது. வியப்பு மட்டும் போதாது. நாயுடுவைப் போலப் பள்ளியை விட்டு வெளியேறுவது அவரைப் பின்பற்றுவதாகாது. அவருக்கு வாய்க்காத வகுப்பறை நமக்கு வாய்த்திருக்கிறது, நூலகம் இருக்கிறது, கேட்டால் விளக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் விட்டதை அன்று, அவர் விடாததை. கேள்வி கேட்பதை அவர் விடவில்லை. கையழுக்காகும் என்று அவர் தயங்கவில்லை. பழுதைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை.

நம் வீட்டுத் தறி நின்றால், கிணற்று மோட்டார் நின்றால், தொழிற்சாலையில் கையிலிருக்கும் காற்றுக் கருவி நின்றால், வேறொருவர் வந்து பார்க்கட்டும் என்று கைகட்டி நிற்பவன் பட்டதாரியாகலாம், கற்றவனாக மாட்டான். ஏன் நின்றது என்ற ஒரு கேள்வியோடு அருகே செல்பவனுக்குக் கருவி தன் கதையைச் சொல்லத் தொடங்கும். ஓசையாகச் சொல்லும், சூடாகச் சொல்லும், அதிர்வாகச் சொல்லும். அந்த மொழிக்கு எழுத்தில்லை. ஆனால் இலக்கணம் உண்டு. அதைக் கலங்கல் கிராமத்துச் சிறுவர் ஒருவர் எவர் துணையுமின்றிக் கற்றார். இத்தனை துணை பெற்ற நாம் கற்க இயலாதா?

இயலும். கற்போம், நண்பர்களே!